நாலாவது குடம்

கரண்டு போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று பூஷணம் நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குக் கரண்டு போவது இந்த ஹவுசிங் போர்டு குடியிருப்பில் புதிதில்லை, போன வாரம்கூடப் போனது, சாப்பிட்ட கையோடு எல்லோரும் மாடிப்படியில் வந்து உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்கள், அன்றைக்குப் போன சனியன் இன்றைக்குப் போகக் கூடாதா. போகவில்லை. டிவியில் சோப்பு விளம்பரம் முடிந்து, கப்பல் ஊதுவதுபோல ஒரு சத்தம் வந்து, 'பதினேழாம் நம்பர் கேட்' என்று எழுத்து விழுந்தது. பகுதி ஒன்பது. எதிர்வீட்டுக் கமலவேணி முறுக்குத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் நடுவாக உட்கார்ந்திருந்தாள், பூஷணத்தின் சோபா, பூஷணம் சுட்ட முறுக்கு. "ஒம்போதாவதுலதான்க்கா ஒங்க அண்ணன போடுறான்" என்றாள். போடுறான் என்றால் டிவியில் போடுகிறான் என்கிறாளா, ஆளைப் போடுகிறான் என்கிறாளா. இரண்டுக்கும் ஒரே சொல்தான் இந்த ஊரில்.  மாத்திரை போட்டோமா இல்லையா. காலையில் போட்டது ஞாபகம் இருக்கிறது, ஆனால் அது நேற்றுக் காலையாகவும் இருக்கலாம். புருஷன் ஏழுமலை நாற்காலியை டிவிக்குப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். மேல்மாடியிலிருந்து இரண்டு பெண்கள் வந்து தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் பின்னால், வாசல்படியை ஒட்டி, செருப்புகளுக்குப் பக்கத்தில், கால்களை மடக்கி அண்ணி உட்கார்ந்திருந்தாள். அவளைப் பூஷணம் கூப்பிடவில்லை. கமலவேணிதான் கீழே போய், "வாக்கா, ஒன் கதைய போடுறான், நீ இல்லாம எப்டி" என்று கையைப் பிடித்து இழுத்து வந்தாள், வரும்போதே மேல்மாடிப் பெண்களைப் பார்த்துக் கண்ணடித்தாள். வரமாட்டாள் என்று பூஷணம் நம்பியிருந்தாள். வந்துவிட்டாள். மார்க்கெட்டில் மீன் ஆய்ந்து கொடுத்துவிட்டு நேராக வந்திருக்க வேண்டும், முழங்கை வரைக்கும் கழுவியிருந்தாள், ஆனாலும் ஒரு செதில் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டு டிவி வெளிச்சத்தில் மினுக்கியது. மணிக்கட்டை ஏன் பார்க்கிறோம். பார்க்கக் கூடாது.

டிவியில் தேசிங்கு அண்ணனாக நடிக்கிறவன் ஆறடி உயரம். அண்ணன் குள்ளம். பூஷணத்துக்கு அப்போது பதினாலு வயது, அவளே அவன் காதுவரைக்கும் வளர்ந்திருந்தாள். இவன் தோல் கோட்டு போட்டுக்கொண்டு துறைமுகத்தில் நடக்கிறான், எண்பத்தைந்தாம் வருஷம் ராயபுரத்தில் யார் தோல் கோட்டு போட்டார்கள், வேர்த்தே செத்திருப்பார்கள். அண்ணனுக்கு இரண்டு பனியன், ஒரு கட்டம் போட்ட லுங்கி. பதினேழாம் நம்பர் கேட்டில் கப்பலுக்குக் கூலி ஆள் இறக்குவது யார் என்று அண்ணனுக்கும் வின்ச் கோதண்டத்துக்கும் சண்டை, அதில் முதலில் ஒரு காது போனது, அப்புறம் ஒரு கை, அப்புறம் ஒருத்தனைச் சாக்கில் கட்டிப் போட்டார்கள், அந்தச் சாக்கைக் கட்டியது அண்ணன்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அதை டிவியில் காட்டவில்லை. டிவியில் அண்ணன் நல்லவன். அப்படித்தானே சொன்னோம். போன ஆடி மாதம் இந்தத் தொடருக்குக் கதை கேட்டு எழுத நோட்டுப் புத்தகத்தோடு வந்தாளே அந்தப் பெண், கண்ணாடி போட்டவள், அவளுக்குப் போண்டா போட்டுக் கொடுத்து மூன்று மணி நேரம் சொன்னதெல்லாம் இப்போது ஒவ்வொன்றாக வருகிறது. அண்ணன் பரோட்டாவைச் சீனி தொட்டுச் சாப்பிடுவான் என்று சொன்னோம், இதோ சாப்பிடுகிறான். இடது கையால் மீசை தடவுவான் என்று சொன்னோம், இதோ. பொம்மலாட்டத்தில் கயிறு தன் விரலில் இருப்பதுபோல ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம் அந்தப் பெண் கேட்டாளே, "காட்டிக் கொடுத்தது யாரும்மா?" என்று. பூஷணம் அதுவரைக்கும் தன் வாயால் அதைச் சொன்னதே இல்லை. அம்மாதான் சொல்வாள், சாகும்வரை சொன்னாள், தெருவே சொன்னது, பூஷணம் இல்லை என்று சொல்லாமல் இருந்தாள், அவ்வளவுதான். சொல்லாமல் இருப்பது வேறு, சொல்வது வேறு. அந்தப் பெண் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு முகத்தையே பார்த்தாள். போண்டா எண்ணெய் விரலில் பிசுபிசுத்தது. "எங்க அண்ணிதாம்மா" என்றாள் பூஷணம். "நீங்க பாத்தீங்களா?" "பாத்தேன்." அவ்வளவு சுலபமாக வந்தது. அந்தப் பெண் ஒரு வரியில் எழுதி அடிக்கோடு போட்டாள். ஏன் அடிக்கோடு போட்டாள் என்று பூஷணம் அதற்கப்புறம் எத்தனையோ நாள் யோசித்துவிட்டாள். நம்பிப் போட்டாளா, நம்பாமல் போட்டாளா.

"தோ பாரு குழாயடி!" என்றார் ஏழுமலை. பூஷணம் நிமிர்ந்தாள். டிவியில் விடிகிற நேரம், ஒரு சந்து, கார்ப்பரேஷன் குழாய், அதன் முன்னால் குடங்கள் வரிசையாக நின்றன. கேமரா மெதுவாக அந்த வரிசையை ஒட்டியே போனது, பித்தளை, அலுமினியம், பச்சைப் பிளாஸ்டிக், மறுபடி பித்தளை, அப்புறம் ஒரு சிவப்புக் குடத்தில் வந்து நின்றது. நின்றேவிட்டது. அந்தச் சிவப்பு டிவி முழுக்கப் பெரிதாகியது. பூஷணத்தின் காதுக்குள் குக்கர் வெயிட் ஆடுவதுபோல ஒரு இரைச்சல் வந்தது, அடுப்பை அணைத்தோமா, அணைத்தோம், அடுப்பு இல்லை இது. குடத்தைப் பற்றி அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. சொல்லவே இல்லை. பரோட்டா சொன்னோம், மீசை சொன்னோம், அண்ணன் நாயை ஏற்றிக்கொண்டு ரிக்‌ஷாவில் போனதைச் சொன்னோம். குடம் என்ற சொல்லையே அன்றைக்கு எடுக்கவில்லை, தாகத்துக்குத் தண்ணீர் கேட்டவளுக்குக்கூட பாட்டிலில்தான் கொடுத்தோம். அப்படியானால் இவர்களுக்கு எப்படித் தெரியும். ஒருவேளை சும்மா அழகுக்கு வைத்திருப்பார்கள். பழைய காலம் என்றால் குழாயடியும் குடமும் காட்டத்தானே காட்டுவார்கள். ஆனால் ஏன் அதில் வந்து நின்றான். அந்தச் சந்தில் ஒரு சட்டம் இருந்தது, வெளியாளுக்குத் தெரியாது, ஆளுக்கு ஒரு குடம். வீட்டில் அன்றைக்கு எத்தனை பேரோ அத்தனை குடம்தான் வரிசையில் வைக்கலாம், ஒன்று கூட வைத்தால் மயிரைப் பிடித்துச் சண்டை. அதனால் வரிசையைப் பார்த்தாலே யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும், யாருக்கு விருந்தாளி, யார் புருஷன் கோபித்துக்கொண்டு போனான், எல்லாம் குடம் சொல்லும். அண்ணன் தலைமறைவாக இருந்த இருபது நாளும் அவர்கள் வீட்டிலிருந்து மூன்று குடம்தான் போயிற்று. அம்மா, அண்ணி, அவள். குழாயடியில் கோதண்டத்தின் தங்கை மோகனா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்பாள், "இன்னாடி, ஒங்கண்ணன் பொடவ கட்டிகினு பூட்டானா? ஒரு கொடம் கொறையுதே." எல்லோரும் சிரிப்பார்கள். இருபது நாள் சிரித்தார்கள். இருபத்தோராம் நாள் விடியலுக்கு முன்னால் அண்ணன் பின்பக்கமாக ஏறிக் குதித்து வந்தான், மீன் படகுக்குள் படுத்திருந்த நாற்றம், உடம்பெல்லாம் உப்புப் புண். அம்மா பூஷணத்தின் காதில் சொன்னாள், "மூணே கொடம்தான் வெக்கணும். குளிக்க உள்ளாற கீற தண்ணி போதும், தெரிதா?" தெரிந்தது. நன்றாகத் தெரிந்தது. தெரிந்துதான் மூன்று குடத்தையும் வைத்துவிட்டு, திரும்பி வந்து, கதவுக்குப் பின்னால் இருந்த நாலாவது குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். அண்ணன் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை. மோகனா பார்க்க வேண்டும் என்றுதான் வைத்தாள். மோகனா பார்த்தாள். குடத்தைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், "இன்னாடி நாலு? யார் வந்துகிறது?" என்றாள். பூஷணம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாமி சத்தியமாகச் சொல்லவில்லை. எந்தக் கோயிலில் நிறுத்திக் கேட்டாலும் ஒரு வார்த்தைகூட வாயிலிருந்து வரவில்லை என்று கற்பூரத்தை அணைத்துச் சொல்வாள். சிரித்தாள். அவ்வளவுதான். உதட்டை மூடிக்கொண்டு, மூக்கைச் சுளித்துக்கொண்டு, எங்கள் வீட்டிலும் ஆம்பிளை இருக்கிறான் என்று ஒரு சிரிப்பு. சிரிப்பு எப்படி ஒரு சொல் ஆகும். ஆகாது. ஆகாது என்றுதான் முப்பத்தொன்பது வருஷமாக அவள் தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் விடுதலை, ஒவ்வொரு தடவையும் மறுநாள் காலையில் மறுபடி கூப்பிடுகிறார்கள்.

விளம்பரம் வந்தது. கமலவேணி முறுக்கைக் கடித்தாள், சோபாவில் தூள் விழுந்தது, எறும்பு வரும். "அந்தச் செவப்புக் கொடத்துல இன்னாமோ வெச்சிகிறான்க்கா, பாரு, அது வெத்துக் கொடம் இல்ல" என்றாள். இந்தச் சிறுக்கிக்கு எப்படித் தோன்றுகிறது. பூஷணம் திரும்பாமல் கண்ணை மட்டும் திருப்பி வாசல் பக்கம் பார்த்தாள். அண்ணி டிவியையும் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை, தன் புடவைத் தலைப்பில் பிரிந்த நூலைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அது ஞாபகம் வந்தது, சேற்றிலிருந்து ஏதோ மேலே வருவதுபோல மெதுவாக வந்தது. ஆடி மாதம் அந்தக் கண்ணாடிப் பெண் போண்டா தின்றுவிட்டுப் போன பிறகு, பூஷணம் பால்கனியில் துணி எடுக்கப் போனபோது, கீழே அண்ணி வீட்டு வாசலில் ஒரு ஜோடி செருப்பு இருந்தது. வெள்ளை வார் வைத்த செருப்பு. அந்தப் பெண்ணின் செருப்புபோல இருக்கிறதே என்று நினைத்தாள், இருக்காது என்றும் நினைத்தாள், விளக்கு ஏற்றுகிற நேரத்துக்கு மறுபடி வந்து பார்த்தபோதும் இருந்தது. அப்படியானால் அண்ணிதான் சொல்லியிருக்கிறாள். அண்ணிக்குக் குடம் தெரியும். தெரியாமல் என்ன, அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் குடம் இல்லை என்று பார்த்துவிட்டு ஓடிவந்தவளே அவள்தான், செருப்பில்லாமல் சந்து முனைக்கு வந்து, வரிசையிலிருந்து அந்தக் குடத்தைப் பிடுங்கிக்கொண்டு, "வா பாப்பா" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள். ஆனால் எப்போது வந்தாள். மோகனா கேட்பதற்கு முன்னாலா, கேட்ட பிறகா, சிரிக்கும்போதா. குடத்தை மட்டும் பார்த்திருப்பாள், சிரிப்பைப் பார்த்திருக்க மாட்டாள், சந்து முனை தூரம், விடிந்தும் விடியாத இருட்டு. பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாளா. துண்டுக்காரி, புருஷனைக் காட்டிக் கொடுத்தவள் என்று பெயர் வாங்கிக்கொண்டு இத்தனை வருஷம் யாராவது வாயை மூடிக்கொண்டு இருப்பார்களா. பார்க்கவில்லை. பார்க்கவில்லை, பார்க்கவில்லை என்று பூஷணம் சோபாவின் நூலைப் பிய்த்துக்கொண்டே சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்தப் பெண் ஏன் அடிக்கோடு போட்டாள். இப்போது அந்தக் குழாயடியில் ஒரு சின்னப் பெண்ணைக் காட்டினால். பாவாடை தாவணியோடு, ரெட்டைச் சடையோடு, மூக்கைச் சுளித்துச் சிரித்தால். இந்த முறுக்குத் தின்னிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தால். ஏழுமலை அந்த நாற்காலியிலிருந்து திரும்பிப் பார்த்தால்.

அண்ணன் சாகிறதை டிவிக்காரர்கள் தெருவில் எடுத்திருந்தார்கள். மழை பெய்தது. அந்த உயரமானவன் எட்டுப் பேரை அடித்துவிட்டு ஒன்பதாவது ஆளிடம் முதுகில் வாங்கிக்கொண்டு மண்டி போட்டான், மேலே பார்த்துக் கத்தினான், மேல்மாடிப் பெண்களில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். மழையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. காலை பத்து மணி, சுள்ளென்று வெயில். அண்ணி அவனைக் "கெளம்பு, கெளம்பு" என்று பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஏன் தள்ளுகிறாள் என்று அம்மாவுக்குத் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது, அண்ணி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அண்ணன் பூஷணத்தை அடித்தே கொன்றிருப்பான், சாக்கில் கட்டுகிறவனுக்கு அது பெரிய வேலையா. அவன் சிரித்துக்கொண்டே, "குளிச்சிட்டுப் போறேண்டி, நாறுது" என்றான். தட்டி மறைப்புக்குள் உட்கார்ந்து தலைக்குச் சோப்பு போட்டான், உள்ளே இருந்த தண்ணீரை அந்த நாலாவது குடத்தில்தான் ஊற்றி வைத்திருந்தார்கள். அண்ணி சீக்கிரம் முடியட்டும் என்று துண்டு எடுக்க உள்ளே ஓடினாள். மூன்று பேர் பின்பக்கமாக வந்தார்கள். அண்ணனுக்குக் கண்ணெல்லாம் சோப்பு, காலடிச் சத்தம் கேட்டு முகத்தைத் தூக்கி, "சரளா, தண்ணி ஊத்து, எரியிது" என்றான். அதுதான் அவன் கடைசியாகப் பேசியது. எட்டுப் பேரும் இல்லை, மண்டி போடவும் இல்லை, ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தான். அண்ணி வெளியே வந்தபோது அவள் கையில் துண்டு மடிப்புக் கலையாமல் இருந்தது. காய்ந்த துண்டு. அதை அம்மா பார்த்தாள். அப்புறம் மிச்சமிருந்த அரைக் குடம் தண்ணீரை ஊற்றித் தரையைக் கழுவினாள். அவ்வளவுதான், சாயங்காலத்துக்குள் சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது, கட்டினவன் குளிக்கும்போது துண்டு எடுக்கப் போனாளாம், அவசரப்படுத்தினாளாம், கோதண்டம் இருக்கிற தெருவுக்கு அடுத்த தெருவில்தானே பிறந்தாள். துண்டுக்காரி. இப்போது இந்தக் குடியிருப்பில் ஏன் என்று தெரியாத பிள்ளைகள்கூட அப்படித்தான் கூப்பிடுகின்றன. பத்தாம் நாள் வளையல் உடைக்க அம்மா அவளை வீட்டுக்குள் வைக்கவில்லை, குழாயடிக்கு இழுத்துப் போனாள், வரிசை முழுக்கப் பார்க்கட்டும் என்று. "புடிடி கைய" என்றாள் பூஷணத்திடம். பூஷணம் பிடித்தாள். இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துக் குழாய்க் கல்மேல் வைத்து அழுத்திப் பிடித்தாள். அம்மா கல்லால் அடித்தாள். அண்ணி அழவில்லை, கத்தவில்லை, இவள் முகத்துக்கு நேராகக் குனிந்து, வேறு யாருக்கும் கேட்காமல், "பாப்பா, தள்ளிப் பிடி, கண்ணாடி ஒன் கையில ஏறிடப் போவுது" என்றாள். ஏறியது. உள்ளங்கையில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது, பாத்திரம் தேய்க்கும்போது சபீனாப் பொடி பட்டால் இன்றைக்கும் அரிக்கும். அப்படிச் சொன்னதற்காகவே அண்ணியைப் பூஷணத்துக்குப் பிடிக்காமல் போயிற்று. அவள் அன்றைக்குக் கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால், காறித் துப்பியிருந்தால், பூஷணம் இத்தனை வருஷத்தில் ஒருநாளாவது கீழே இறங்கிப் போய் ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்திருப்பாள்.

கடைசி விளம்பரமும் முடிந்தது. டிவியில் எல்லாம் பழுப்பு நிறமாக மாறியது, நடந்ததைத் திருப்பிக் காட்டும்போது அப்படித்தான் மாற்றுவார்கள். மறுபடி விடிகாலை, மறுபடி அந்தச் சந்து. ஒரு கை மட்டும் தெரிந்தது.  கை சிவப்புக் குடத்தைத் தூக்கி வந்து வரிசைக் கடைசியில் வைத்தது. சின்னப் பெண் கையா, பெரிய கையா. கேமரா மணிக்கட்டுக்கு ஏறியது. வளையல்கள். டஜன் கணக்கில் கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்புமாக, கல்யாணமானவளின் கை. அப்புறம் முகம். அண்ணியாக நடிக்கிற அந்த உதட்டுச் சாயக்காரி சந்து முனையில் நிற்கிற கோதண்டத்தைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள். பூஷணத்தின் உடம்பிலிருந்து ஏதோ ஒன்று அப்படியே கழன்று இறங்கியது. வயிற்றுக்குள் குளிர்ந்தது, ஐஸ் மோர் குடித்ததுபோல. பூஷணம் சொன்ன பொய்யையும் அண்ணி சொன்ன உண்மையையும் எடுத்து, ஒன்றாக வைத்துத் தைத்துவிட்டார்கள். குடத்தையும் அண்ணி தலையிலேயே ஏற்றிவிட்டார்கள். அந்தப் புண்ணியவதி எதற்கு அடிக்கோடு போட்டாளோ, நல்லா இருக்கட்டும், அவள் பிள்ளைகுட்டி நல்லா இருக்கட்டும்.

"அடிப் பாவி!" என்று கத்தினாள் கமலவேணி. மடியிலிருந்த தட்டு சரிந்தது. "கொடத்த வெச்சா காட்டிக் குடுத்த நீயி? நாங்கூட துண்டுதான்னு நெனச்சிகினு இருந்தேன். தெறமைதான்க்கா ஒனக்கு!" மேல்மாடிப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஏழுமலை திரும்பாமலேயே, "வுடு கமலா, பழைய கத" என்றார், ஆனால் அவர் தோள் சிரிப்பில் குலுங்கியது. அண்ணி நூலைச் சுருட்டுவதை நிறுத்தியிருந்தாள். முதல் தடவையாக டிவியைப் பார்த்தாள், எழுத்து ஓடிக்கொண்டிருந்தது, அந்த எழுத்துக்குப் பின்னால் சிவப்புக் குடம் இன்னும் நின்றுகொண்டிருந்தது. "செவப்பு போட்டுட்டானுங்க" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல. "செவப்பு இல்ல அது. நீலம்."  கமலவேணி தொடையில் தட்டினாள். "பாத்தியா, பாத்தியா! அவ வாயாலயே வந்திச்சா! வெச்சவளுக்குத்தான கலர் தெரியும்!" எல்லோரும் சிரித்தார்கள், இந்தத் தடவை ஏழுமலையும் வாய்விட்டுச் சிரித்தார். அண்ணி அவர்களைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி, சோபாவின் ஓரத்தில் இருந்த பூஷணத்தைப் பார்த்தாள். "நீலந்தான, பாப்பா?" என்றாள்.

பாப்பா என்று அவளைக் கூப்பிட இந்த உலகத்தில் வேறு யாரும் மிச்சமில்லை. எல்லோரும் திரும்பினார்கள். ஏழுமலை திரும்பினார். நீலம்தான், வாய் ஓரத்தில் பல்லி அளவுக்கு உடைந்த நீலம், அடியில் தார் ஒட்டியிருக்கும், தூக்கினால் இடுப்பில் கறை பிடிக்கும். ஆமாம் என்றால் வெச்சவளுக்குத்தான் தெரியும் என்று கமலவேணி இப்போதுதானே சொன்னாள். இல்லை என்றால், அண்ணி இன்னொன்று சொல்வாளோ, அடுத்தது என்ன சொல்வாள், அந்த விடிகாலை இருட்டில் சந்து முனையிலிருந்து என்ன பார்த்தாள். ஞாபகமில்லை என்று சொல்லலாம். வாய் வரைக்கும் வந்தது. உள்ளங்கையில் தழும்பு அரித்தது. ஒரே ஒரு வார்த்தை போதும், நான்தான் வைத்தேன் என்று சொன்னால் என்ன ஆகிவிடும், முப்பத்தொன்பது வருஷம் ஆயிற்று, போலீசா வரப்போகிறது. கமலவேணி அல்லவா பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாளைக் காலையில் தண்ணீர் லாரி வரும், அந்த வரிசையில் நிற்க வேண்டும், அத்தனை பெண்களும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்ப்பார்கள், பிள்ளைகள் தனக்கு ஒரு பெயர் வைப்பார்கள், குடக்காரி. பூஷணம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உதடு மூடியே இருந்தது. மூக்கு மட்டும் தானாகச் சுளித்துக்கொண்டது, கன்னம் தானாக ஏறியது. தடுக்கப் பார்த்தாள், அதற்குள் வந்துவிட்டது. சிரித்தாள்.

அண்ணி அந்தச் சிரிப்பை அவசரமில்லாமல் பார்த்தாள். மார்க்கெட்டில் யாராவது மீனைக் கொண்டுவந்து நீட்டினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். பார்த்து முடித்ததும் தலையை ஆட்டிக்கொண்டாள். "அதேதான்" என்றாள். தரையில் கை ஊன்றி எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, படி இறங்கினாள். கீழே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் "துண்டுக்காரி, துண்டுக்காரி" என்று கத்துவது மூன்றாவது மாடி வரைக்கும் கேட்டது. கமலவேணி சோபாவில் சிந்திய முறுக்குத் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டே, "இன்னாக்கா அதேதான்றா? எத சொல்றா?" என்று கேட்டாள்.

"கொடத்த சொல்றா" என்றாள் பூஷணம்.